ரசீலாபென் உட்கார வேண்டிய தீவுகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்திருந்து கடைசிப் பக்கத்தில் எடுத்துக் காட்டுகிற தெம்பெல்லாம் எனக்கு இப்போது இல்லை.

சூரத்தில், கோட்தோட் ரோட்டில் இருக்கும் ஒரு டூர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். செண்பகம் என்ற என் பெயர் இவர்கள் வாயில் சம்பாபென் ஆகிவிட்டது. இப்போது யாராவது செண்பகம் என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தவர்களின் விடுமுறையை எழுதுவது என் வேலை. முதல் நாள் காலை இறங்குகிறார்கள், பிற்பகல் ஓய்வெடுக்கிறார்கள், மறுநாள் படகேறுகிறார்கள் என்று நடக்காததை எல்லாம் நடக்கிற மாதிரி எழுதிக் கொடுப்பேன். அவர்கள் போய் நான் எழுதியபடியே நடந்துவிட்டு வருவார்கள். கதை எழுதுகிறவர்களுக்கு இப்படிச் சொன்ன பேச்சு கேட்கிற பாத்திரங்கள் கிடைக்கமாட்டார்கள். அப்படியும் எனக்குச் சலித்துவிட்டது.

போன தை மாதம், பட்டம் விடுகிற பண்டிகை முடிந்து ஊரெல்லாம் மின்கம்பிகளில் காகிதம் தொங்கிக்கொண்டிருந்த வாரத்தில், கீர்த்திபாய் தன் மனைவியோடு ஆபீஸுக்கு வந்தார். (கீர்த்தி இங்கே ஆண் பெயர். எனக்கே பழக ஒரு வருஷம் ஆயிற்று.) ரிங் ரோடு மார்க்கெட்டில் புடவை வியாபாரம். உட்கார்ந்ததும் சொன்னார்.

"சம்பாபென், கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆகுது. உனக்கு என்ன வேணும்னு இவளக் கேட்டேன். இவ என்ன சொன்னா தெரியுமா? நகை வேணாமாம், புடவை வேணாமாம். பத்து நாள் அடுப்பு பத்த வெக்காம இருக்கணுமாம்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரசீலாபென் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் சுவரில் ஒட்டியிருந்த கடல் படத்தை பஸ் அட்டவணை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரீஸ்ல தீவு தீவா போடுங்க. எங்களுக்குன்னே தனியா ஒரு போட்டு. இவ மகாராணி மாதிரி உக்காரணும். எழுந்திருக்கவே கூடாது."

அவ்வளவுதான் கதை. அவளுக்கு அந்தப் பத்து நாள் கிடைக்குமா, கிடைக்காதா? வேறு எதையும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

(ஒரு வார்த்தை. நேரில் அவளை "நீங்க" என்றுதான் பேசுவேன், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எழுத்தில் "அவள்" என்கிறேன். "அவர்" என்று எழுதிப் பார்த்தேன், இரண்டு வரிக்குள் அவளும் புருஷனும் ஒரே ஆளாகிவிட்டார்கள். அதற்கு அவள் இதுவரை இடம் கொடுத்ததே போதும்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "நாக்ஸோஸ் தீவின் கரையில் அலைகள் நீலமாக, அதற்கப்பால் இன்னும் நீலமாக…" இதற்குமேல் போகவில்லை. நீலம் என்ற சொல்லை நான் இந்த வேலையில் தேய்த்தே தீர்த்துவிட்டேன். நான் அந்தக் கடலைப் பார்த்ததும் இல்லை.

இரண்டாவது: "கீர்த்திபாய் தன்னைத் தவிர யாரையும் நினைத்ததில்லை." இது சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததாலேயே சந்தேகம். பிறகு வருகிறேன்.

மூன்றாவது தொடக்கம் உண்மையில் நடந்தது. சில வருஷம் முன்னால் இந்தக் குடும்பம் நாங்கள் போட்டுக் கொடுத்த திட்டத்தில் சுவிட்சர்லாந்து போனது. ஓட்டல் அறையில் மின்குக்கர் வைத்து எல்லோருக்கும் ரசீலாபென் கிச்சடி செய்தாள். ஆவி மேலே போய் அலாரம் அடித்து, ஓட்டல் முழுக்க ஆட்கள் பனியில் இறங்கி நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. இன்றைக்கும் அந்தக் கதையை விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார்கள். "அவ்ளோ களேபரத்துலயும் பாபி கிச்சடிய விடலயே! குக்கரத் தூக்கிட்டே படி எறங்கினா!" என்பாள் கீர்த்திபாயின் தங்கை இலாபென். அண்ணியை இங்கே பாபி என்பார்கள். பனியில் நின்று எல்லோரும் சூடாகச் சாப்பிட்டார்களாம்.

குக்கரைக் கையில் பிடித்திருந்தவள் சாப்பிட்டாளா என்று அந்தக் கதையில் வராது. நானும் பல தடவை கேட்டிருக்கிறேன், சிரித்துமிருக்கிறேன்.

3

இரண்டு பேர் எப்படிப் பன்னிரண்டு பேர் ஆனார்கள் என்று எழுத வேண்டும். வேறு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத்தான் கஷ்டம். இங்கே யாரும் கேள்வியே கேட்கமாட்டார்கள்.

"ரெண்டே பேர் போனா நல்லா இருக்காது சம்பாபென்" என்றார் கீர்த்திபாய் அடுத்த வாரம். "இலா என்ன நினைப்பா? அண்ணன் கண்ணுக்குப் பொண்டாட்டி மட்டும்தான் தெரியுதுன்னு சொல்லிட மாட்டா?"

இலாபென் சேர்ந்தால் அவள் புருஷன். அவர்கள் போனால் தம்பி குடும்பம் சும்மா இருக்குமா? மகன் தர்ஷிலும் மருமகள் ஹெத்வியும் இல்லாமல் பெற்றவர்கள் கல்யாண நாள் கொண்டாடினால் நன்றாக இருக்காது. "நல்லா இருக்காது" என்ற இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எதையும் பெருக்கலாம். எங்கள் முதலாளி தேவாங்பாய் பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றினார்.

"பன்னெண்டு பேர் சேந்தா மொத்தப் போட்டும் உங்களுதுதான் கீர்த்திபாய். கண்டவன் மூஞ்சியில முழிக்க வேணாம்."

கீர்த்திபாய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கேட்டுத்தான் செய்தார், அதையும் எழுதிவிட வேண்டும். "என்ன ரசீலா, வரட்டுமா எல்லாரும்?"

"வரட்டுமே. நான்தான் சும்மா உக்காந்திருக்கப் போறேனே."

படகில் பன்னிரண்டு படுக்கை. அதில் ஒன்றை நாதுலால் மகராஜுக்கு வைத்திருந்தேன். இவர்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் சமைக்கிறவர், டூங்கர்பூர் பக்கத்து ஆள். வெளிநாட்டுப் பயணத்தில் சமையல்காரரையும் சேர்த்து எழுதுவது எங்களுக்குப் புதிதில்லை. மற்ற ஊர் ஏஜென்ட்டுகள் குடை எடுத்து வாருங்கள் என்று எழுதுவார்கள், நாங்கள் மகராஜை எழுதுவோம். அவர் இருக்கிறவரை ரசீலாபென்னின் பத்து நாளும் பத்திரமாக இருந்தது.

அப்புறம் இலாபென் ஒரு நாள் போன் செய்தாள். "சம்பாபென், எங்க சம்பந்தியம்மாவ, பொண்ணோட மாமியார, விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது."

மகராஜுக்கு வைத்திருந்த படுக்கையில் சம்பந்தியம்மாள் வந்து படுத்துக்கொண்டாள். இன்னும் யாரும் கிளம்பவே இல்லை, அதற்குள் படுத்தாயிற்று. மகராஜ் ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, வேறொரு குடும்பத்தோடு சிங்கப்பூர் போக ஒப்புக்கொண்டார். மே மாதத்தில் அவரைப் போன்ற ஆளை யார் விட்டு வைப்பார்கள்?

4

(இந்தப் பகுதியில் ரசீலாபென் அழுதாள். எழுதி முடித்துவிட்டுப் பிறகு எடுத்துவிட்டேன். ஏன் என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன். எண்ணை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.)

5

எங்கள் ஆபீஸில் பயணத் திட்டத்தின் ஒவ்வொரு நாளுக்கும் மேலே, ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில், சூரியன் மறையும் நேரத்தைப் போடுவோம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். சிலர் அதற்குப் பிறகு தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். ஆகவே எங்களுக்கு முதலில் சூரியன், பிறகு விமானம்.

சாண்டோரினி தீவில் மலை விளிம்பில் மேஜை போட்டிருக்கும் ஓட்டல்கள் உண்டு. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட உலகமே வரிசையில் நிற்கிறது. தட்டு வருவதே சூரியன் இறங்கும்போதுதான். கீர்த்திபாய்க்கு அந்த மேஜைதான் வேண்டும். குடும்பம் முழுக்க ஆபீஸில் கூடியிருந்தபோது நான் மெதுவாகச் சொன்னேன்.

"கீர்த்திபாய், அங்க சாப்பாடு வர்ற நேரத்துக்கு நீங்க யாருமே சாப்பிட முடியாதே."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தீர்வு கண்டுபிடித்தது இலாபென்தான்.

"சாப்பிட வேணாம். மேஜை மட்டும் போதும். முன்னாடியே போட்ல சாப்பிட்டுட்டுப் போய் உக்காந்துக்கலாம். வெறும் தட்டோட போட்டோ எடுத்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"போட்ல யார் சமைக்கிறது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. படகோடு வருகிற சமையல்காரன் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லாமல் செய்து தருவதாகச் சொல்லியிருந்தான். புதுப் பாத்திரம் வாங்கித் தந்தால் அதிலேயே செய்வதாகவும் சொல்லியிருந்தான். அதை எடுத்துச் சொன்னேன்.

"பாத்திரம் புதுசு, கை பழசுதானே?" என்றாள் இலாபென். "நேத்து அதே கையால மீன் அறுத்திருப்பான்."

சம்பந்தியம்மாள் தலையாட்டினாள். அவள் தலையாட்டியபின் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மேல்தளத்தில், படகு நங்கூரம் போட்டு நிற்கும்போது, ஒரு மின்னடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று படகுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின.

"பாபி கை பட்டா போதுமே" என்றாள் இலாபென், உண்மையான பிரியத்தோடு. "கிச்சடி, மோர்க்கடி, ரெண்டு ரொட்டி. பத்து நிமிஷ வேலை."

"ஆமா, பத்து நிமிஷம்தான்" என்றாள் ரசீலாபென். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் திட்டத்தில் எழுதினேன்: "மாலை, படகில் வீட்டுச் சாப்பாடு. பிறகு சூரிய அஸ்தமனம்." சாப்பாடு என்று எழுதினால் போதும், அது தானாகத் தயாராகிவிடும். என் வேலையே இந்த மாதிரி வாக்கியங்கள்தான். பத்து நாளுக்கும் அதே வரியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் என் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

6

இப்போது கீர்த்திபாய் விஷயம். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். "மனைவியை அவர் ஒரு நாளும் மனுஷியாகவே…" என்று ஆரம்பித்து அரைப் பக்கம். வாசகர்கள் பல்லைக் கடிக்கிற மாதிரி நன்றாகவே வந்திருந்தது.

ஆனால் பொய். மனைவிக்கு முழங்கால் வலி என்று தெரிந்தால் மார்க்கெட்டில் வாடிக்கையாளரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற ஆள் அவர். நாற்பது வருஷத்தில் குரல் உயர்த்தியதில்லை என்று ரசீலாபென்னே சொல்லியிருக்கிறாள். கெட்டவனாக இருந்திருந்தால் என் கதை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும். அவள் சண்டை போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பாள், நீங்களும் கைதட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள்.

விசாவுக்கு எல்லோருடைய போட்டோக்களையும் கொடுக்க அவர் ஒரு நாள் தனியாக வந்தார். சாயாவைத் தட்டில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"கீர்த்திபாய், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ரசீலாபென் கடலா கேட்டாங்க? அடுப்பு பத்த வெக்காம இருக்கணும்னு கேட்டாங்க. இப்போ அடுப்பயும் தூக்கிட்டுக் கடலுக்குப் போறாங்க."

அவர் தட்டைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரியும். முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"நான் கவனிக்கவே இல்லயே சம்பாபென். அவ ஒரு வார்த்தை சொல்லலயே."

"சொன்னாங்களே. மொத நாளே சொன்னாங்க."

சம்பந்தியம்மாளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் படுக்கையில் வேறொரு சமையல்காரரைக் கூட்டிப் போகலாமா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். பதறிவிட்டார். "ஐயோ, தங்கச்சி பொண்ணு வாழ்ற வீடு! அது மட்டும் முடியாது." பிறகு எழுந்து நின்றார், முகம் தெளிந்துவிட்டது. "நானே சமைக்கிறேன்" என்றார்.

அந்த இடத்தில் இந்தக் கதையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நல்ல முடிவுதான். அறுபது தாண்டிய மனிதர் மனைவிக்காக மாவு பிசையக் கிளம்புகிறார். யாராவது பத்திரிகைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். ஆனால் மறுநாள் முதல் அவர் நிஜமாகவே பிசைய ஆரம்பித்துவிட்டாரே.

7

யார் கற்றுத் தருவது? நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

பயணத்துக்கென்று வைத்திருந்த குடும்பக் குழுவில் என் போன் நம்பரும் இருந்ததால், தினமும் வீடியோ வந்தது. எடுத்தவள் மருமகள் ஹெத்வி. முதல் வாரம் அவர் இட்ட ரொட்டி அப்பளம் மாதிரி நொறுங்கியது, அடுத்த வாரம் செருப்புத் தோல். "கீர்த்திகாகா ஜிந்தாபாத்!" என்று பெரியப்பாவுக்குக் கோஷம் போட்டு ஒருவர், "இந்த மாதிரி புருஷன் எங்க கெடைப்பான்!" என்று ஒருத்தி. வீடியோவின் ஓரத்தில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் வரும். மாவுக் கிண்ணத்தை நகர்த்தும், தீயைக் குறைக்கும், துணி எடுத்துக் கொடுக்கும். குழுவில் யாரும் அந்தக் கையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஒரு நாள் ரசீலாபென்னுக்குப் போன் செய்தேன். "எப்படி இருக்கீங்க?"

"முன்னெல்லாம் ஒரு மணி நேரத்துல கிச்சன மூடிட்டு வந்துடுவேன். இப்போ மூணு மணி நேரம் ஆகுது. அவர் மாவு பிசைஞ்சா சுவத்துலயும் மாவு." குரலில் கோபமே இல்லை, களைப்புதான். "ஆனா கை வந்துடுச்சு சம்பா. கடி கொதிக்கறப்போ திரிஞ்சு போகாம கிண்டணும்னு நேத்து கத்துக்கிட்டார். இன்னிக்கு வெஞ்சனம். எல்லாம் தெரிஞ்சிருக்கணும் அவருக்கு."

"பொறுமையா சொல்லித் தர்றீங்களே" என்றேன்.

"பின்ன? அரகொறயா விட முடியுமா?"

நான் அதை அவளுடைய நல்ல குணமாக எடுத்துக்கொண்டு அப்படியே எழுதியும் வைத்தேன். அந்தப் பத்தியைப் பிறகு அடிக்க வேண்டியதாகிவிட்டது.

8

போன வியாழக்கிழமை பிற்பகல். தேவாங்பாய் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், ஊரே கதவடைத்திருக்கும். ஆபீஸில் தனியாக உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ரசீலாபென் உள்ளே வந்தாள், கணினியைப் பார்த்தாள்.

"இது என்ன எழுத்து? ஜிலேபி பிழிஞ்ச மாதிரி இருக்கு."

"தமிழ். உங்களப் பத்தித்தான் எழுதறேன்." பொய் சொல்லத் தோன்றவில்லை.

"படி."

குஜராத்தியில் மாற்றி மாற்றிச் சொன்னேன். தீயணைப்பு வண்டிக்குச் சிரித்தாள். சம்பந்தியம்மாள் படுத்துக்கொண்டதற்குப் பல முறை சிரித்தாள். நாலாவது பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் எங்க அழுதேன்?"

"கதைக்கு வேணும்னு…"

"கதைக்கு வேணும்னா கதை அழுதுக்கட்டும். வெங்காயம் நறுக்கற வீடா எங்க வீடு, நான் அழறதுக்கு?"

அதனால்தான் எடுத்துவிட்டேன். பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லா பாஸ்போர்ட்டும் உங்கிட்டதான இருக்கு?"

"ஆமா. எல்லாருக்கும் விசா கைரேகை முன்னாடியே பதிஞ்சிருக்கு. அகமதாபாத் விசா ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுத்தா போதும்."

"என்னோடத மட்டும் குடுக்காத."

எனக்குப் புரியவில்லை.

"விசா வரலன்னு சொல்லிடு. உங்க வேலைல இப்படி ஆகறதுதான. அவங்கல்லாம் போயிட்டு வரட்டும். பத்து நாள் வீடு காலியா இருக்கும். நான் ஒரு நாளும் அடுப்பு பக்கமே போக மாட்டேன்."

"என்ன சாப்பிடுவீங்க?"

"பட்டினி கெடக்கறது எனக்குப் புதுசா? பர்யுஷண் நோன்புல எட்டு நாள் வெறும் வெந்நீர்ல இருந்தவ நான். அந்த எட்டு நாளும் வீட்டுல மத்தவங்களுக்குச் சமைச்சேன்."

இதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே தடையைச் சொன்னேன்.

"கீர்த்திபாய் உங்கள விட்டுட்டு ஒரு அடி நகர மாட்டாரே ரசீலாபென். உங்களுக்கு விசா இல்லன்னா அவரும் வீட்டுல இருந்துடுவார். அவருக்கு நீங்கதான் சமைக்கணும்."

"முன்னாடின்னா நீ சொல்றது சரி. நான் இல்லாம சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்கன்னு எல்லாருமே நின்னுடுவாங்க. இப்போதான் அவருக்குச் சமைக்கத் தெரியுமே, மத்தவங்களுக்காக அவர் போய்த்தான் ஆகணும்."

கடி திரியாமல் கிண்டுவது வரை ஒவ்வொன்றாக, பொறுமையாக, பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுத்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஏழாவது பகுதியில் நான் எழுதிய நல்ல குணத்தை அடித்தேன்.

9

முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன். பழக்கதோஷத்தில் இவையும் பயணத் திட்டம் போலத்தான் வருகின்றன.

ஒரு முடிவு. அவள் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிடுகிறேன். எல்லோரும் விமானம் ஏறுகிறார்கள். ரசீலாபென் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். எழுந்து மறுபடி தூங்குகிறாள். மூன்றாம் நாள் நவ்சாரியில் கட்டிக் கொடுத்த, இந்தப் பயணத்தில் சேராத மகள், அம்மா தனியாக இருக்கிறாளே என்ற அக்கறையில், பிள்ளைகளோடு வந்து இறங்குகிறாள். "மம்மி, உன் கையால சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு!" (இதை ரசீலாபென்னிடம் சொன்னேன். "அவளுக்கு நானும் கிரீஸ் போயிட்டேன்னுதான் சொல்லப் போறேன்" என்றாள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறாள்.)

இன்னொன்று. நான் நேர்மையாக இருக்கிறேன், அவளும் போகிறாள். பாரோஸ் தீவுப் பக்கம் படகு நிற்கிறது. கீர்த்திபாய் மேல்தளத்தில் ரொட்டி இடுகிறார், எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அடுத்த நாள் வெயில் அதிகம், அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. "பாவம் அண்ணன்" என்கிறாள் இலாபென். அவள் சொல்வது அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ரசீலாபென் எழுந்துவிடுவாள். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது. கீர்த்திபாயும் போகாமல் நின்றுவிடுகிறார், பின்னாலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். பன்னிரண்டு பேரும் சூரத்தில். மே மாத வெயிலில் எல்லோரையும் தேற்ற ரசீலாபென் மாம்பழச் சாறும் பூரியும் —

போதும்.

10

இன்று காலை கீர்த்திபாய் வந்தார். கையில் எவர்சில்வர் டப்பா.

"சம்பாபென், நானே தனியா சுட்ட மொத ரொட்டி உங்களுக்குத்தான். நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எதிரே நின்றார், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நாப்பது வருஷத்துல அவ சூடா சாப்பிட்டு நான் பாத்ததில்ல. நாங்கல்லாம் எழுந்த பெறகுதான் அவ உக்காருவா. போட்ல அவள மொதல்ல உக்கார வெக்கணும். கல்லுல இருந்து எடுத்து நேரா அவ தட்டுல போடணும். அவ சாப்பிடறத நான் நின்னு பாக்கணும். எனக்குக் கடலும் வேணாம், தீவும் வேணாம். இது ஒண்ணு போதும்."

சாப்பிட்டேன். நெய் தடவி, மெத்தென்று, ஓரமெல்லாம் வெந்திருந்தது. ரொட்டி நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம். கொஞ்சம் கருகியிருந்தால் எனக்கு முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போனதும் ரசீலாபென்னைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ வறுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வட்டமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"ரெண்டு பக்கமும் வெந்திருந்துச்சா?"

"ம்."

மறுபடி அந்த வறுபடுகிற சத்தம்.

"நான் என்ன செய்யட்டும் ரசீலாபென்?"

"நீயே பாத்துச் செய் சம்பா. கடுகு கருகுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு பாஸ்போர்ட்டும் என் மேஜைமேல் இருக்கின்றன. அகமதாபாத் போகிற ஆள் நாளைக் காலையில் வருவான். தேவாங்பாய்க்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத் திட்டமாக இருந்தால் நானே இதை முடித்து, மேலே சூரியன் மறையும் நேரத்தையும் போட்டுக் கொடுத்திருப்பேன். கதையில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நான் களைத்துவிட்டேன்.

அதனால் நீங்கள் முடியுங்கள். அவளைப் போக வையுங்கள், அல்லது இருக்க வையுங்கள். அவர் கையால் ஒரு வேளை சூடாகச் சாப்பிடட்டும், அல்லது யாரும் இல்லாத வீட்டில் பட்டினியாகத் தூங்கட்டும். எதுவானாலும் இன்னொரு தடவை அவளைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். முடிவெடுப்பதும் ஒரு வேலைதான். அதை ஒன்றையாவது யாராவது அவளுக்குச் செய்து வையுங்கள்.